தொட்டியில் ஆள் ஏறினால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் போர்க்கப்பல் வரையத்தான் ஆசை. மறைக்க வேண்டாம். நேர்காணலுக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு வருகிற படங்களை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். நீட்டின மூக்கு, முதுகு நிறையப் பீரங்கி, வயிற்றுக்கு அடியில் நீல வெளிச்சம். ஒரே ஒரு பிள்ளையாவது தண்ணீர் லாரி மாதிரி ஒரு விண்கப்பலை வரைந்து எடுத்துவந்து, "இதுதான் மேடம் என் கனவு" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கையோடு வேலையில் உட்கார வைத்திருப்பேன். கடைசி வரைக்கும் அப்படி ஒருத்தரும் வரவில்லை.

போன மாதம் என் நாற்காலியைக் காலி செய்துவிட்டேன். போகிற போக்கில் புதியவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மல்லிகாக்கா என்றார்கள். நாலு வார்த்தையில் வாயை மூடுகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். கேட்டது அவர்கள் தப்பு.

இந்த அனிமேஷன் ஸ்டுடியோவில் நான் வரைந்ததெல்லாம் லொடலொட வண்டிகள். விண்வெளிச் சரக்குக் கப்பல், எரிபொருள் கப்பல், பழுதான கப்பலை இழுத்துக்கொண்டு போகிற கப்பல், குப்பை அள்ளுகிற கப்பல். பக்கத்து மேசைக்காரர்கள் என்னை 'முனிசிபாலிட்டி' என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டுமே. நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் கதையில் ஆயிரம் கப்பல் அணிவகுத்து நிற்கிறது, மாதக்கணக்கில் சண்டை நடக்கிறது, அத்தனை நாளும் இவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோறு யார் கொண்டுபோனது? ஒரு கதவுக் கீல் உடைந்தால் மாற்றுக் கீல் எந்த வண்டியில் வரும்? சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டின கோரமண்டல் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தங்கம் என்றதும் கண் விரியும். ஆனால் எங்கள் தெருவில் யாருமே தங்கத்தைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கல். வண்டி வண்டியாக, மலை மலையாகக் கல். அந்த ஊர்க்காரியிடம் வந்து ராஜகம்பீரக் கப்பலைக் காட்டினால் எனக்கு அதற்குப் பின்னால் இருக்கிற கல் வண்டிதான் ஞாபகம் வரும். இதில் பெருமை ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் வைத்திருப்பது ஒரே ஒரு கதை. அது ஸ்டெல்லாவின் கதை.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக விண்வெளித் தொடர் ஒன்று செய்துகொண்டிருந்தோம். ஒரு சின்ன நிலவு, அதில் சுரங்கம், சுரங்கத்து ஜனங்கள், அவர்களைக் காக்க ஒரு கப்பற்படை. படையின் தலைமைக் கப்பலை வரைய ஒரு தனிக் குழு, அதற்கு ஒரு தனி அறை. அந்த அறையில் ஏசி கூடக் கொஞ்சம் அதிகமாகக் குளிரும் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். நிலவிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு போகிற சரக்குக் கப்பல் மட்டும் என் பங்குக்கு வந்தது. சுரங்கத்தில் பாறையை மேலே இழுக்கிற இரும்புத் தொட்டி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த உருவத்தில் அதை வரைந்தேன். எல்லாரும் அதைத் 'தொட்டி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். திரையில் எந்த மூலை காலியாக இருந்தாலும், "ரெண்டு தொட்டிய விடுங்க" என்பார்கள். எளிமையான உருவம் என்பதால் கம்ப்யூட்டருக்கும் பாரம் கிடையாது. தலைமைக் கப்பல் ஒரு ஷாட் முடிந்து வருவதற்குள் தொட்டி இருபது ஷாட்டில் நடித்துவிட்டு வந்துவிடும்.

அந்தத் தொட்டியை ஓடவைக்கிற வேலை ஸ்டெல்லாவுக்கு வந்தது. அவளும் கோரமண்டல்தான், எங்கள் வீட்டுக்கு இரண்டு லைன் தள்ளி. கல்யாணம், குழந்தை என்று சில வருடம் வேலையை விட்டிருந்தவள், கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிவிட்டதும் திரும்பி வந்தாள். வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். அதுவும் நிரந்தரம் இல்லை. இந்தத் தொடர் முடியும்போது வேலை பிடித்திருந்தால் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் போகலாம் என்றுதான் எடுத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு பேச்சுக்குத் தலையாட்டி உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இப்போது புரியாது.

எங்கள் மேலதிகாரியை நாங்கள் சார் என்றே சொல்லுவோம். பெயர் வேண்டாம். இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார், நான் சொல்லப்போய் உங்களுக்குத்தான் வம்பு. மைசூர்ப் பக்கம், கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் வந்துவிட்டது. வேலையில் சூரர். கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் கன்னடம் கலக்கும்.

ஸ்டெல்லா செய்த முதல் ஷாட்டுகளைப் பார்த்ததுமே கன்னடம் கலந்துவிட்டது.

"ஏனம்மா இது? சவ ஊர்வலமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தொட்டி தரையிலிருந்து கிளம்புகிறது, கிளம்புகிறது, கிளம்பிக்கொண்டே இருக்கிறது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி அப்படி ஒரு பதவிசு. பின்னணியில் கல் வண்டிகள் பரபரவென்று போய்வந்தால்தானே சுரங்கம் நடக்கிறது என்று தோன்றும்? இவள் கையில் நிலவே படுத்துத் தூங்கியது. சார் திருத்தச் சொன்னார், திருத்தினாள். கொஞ்சம் வேகம் கூடியது, ஆனால் அந்தப் பதவிசு போகவில்லை. மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே. கை மந்தம் என்று அவள் மேல் முத்திரை விழுந்துவிட்டது. இந்தத் தொழிலில் அந்த முத்திரை விழுந்தால் அப்புறம் யாரும் உங்கள் வேலையை நேராகப் பார்க்க மாட்டார்கள், முத்திரையைத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு ஸ்டுடியோவிலிருந்து ஊருக்குத் திரும்புகிற ரயிலில் பங்காரப்பேட்டை தாண்டித்தான் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"இன்னா ஸ்டெல்லா, உனக்கு இன்னாதான் ஆச்சு? கல்லு ஏத்திக்கினு போற வண்டிய இன்னாத்துக்கு இப்படித் தாலாட்டித் தூக்குற?"

"அப்படித்தானேக்கா தூக்குவாங்க?"

"யாரு தூக்குவாங்க?"

"எங்கப்பா."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் அவளுடைய அப்பா ஆரோக்கியம் மாமாவின் வேலை ஞாபகம் வந்தது. சுரங்கம் மூடுகிற வரைக்கும் அவர் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துச் சுரங்கக் குழிக்குள் இறங்குகிற, ஏறுகிற எல்லாவற்றையும் மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்து இரும்புக் கயிற்றில் இழுக்கிறவர். இந்தப் பெண் சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் அப்பா எவ்வளவு மெதுவாக, எவ்வளவு ஜாக்கிரதையாக ஆட்களை மேலே கொண்டுவருவார் என்கிற பேச்சு. அதனால் எதைத் தூக்கச் சொன்னாலும் அவள் கை அப்படித்தான் தூக்கியது. இப்படி ஒரு தப்பை உலகத்தில் எங்கள் ஊர்ப் பெண்ணைத் தவிர யாராவது செய்வார்களா, சொல்லுங்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அடியே, அதுல கீறது கல்லு. ஆளு இல்ல."

"கல்லுன்னா வேற மாதிரியா தூக்குவாங்க?" என்றாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவது என் குணம் என்றாலும், அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வந்ததும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். மாமா டீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் அறையில் காலம் முழுக்க உட்கார்ந்ததில் காது மந்தம், அதனால் டீவி போடுகிற சத்தத்தில் சுவரே அதிரும். ஸ்டெல்லா அவர் காதருகே குனிந்து கேள்வியைக் கத்தினாள்.

"கல்லா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கல்லு ஏத்தச்சொல்லோ இன்னா கவலை? ஒரே இழு! கிழிச்சிக்கினு வரும் பாரு. போற போக்குல ரெண்டு கல்லு கொட்டுனாலும் ஏன்னு கேக்க எவன் கீறான்? அதான்மா ஜாலியான வேலை!"

எழுபது வயசு தாண்டின மனுஷர் கையை ஓங்கி இழுத்துக் காட்டுகிறார், பையன் பட்டம் விடுகிற மாதிரி. ஸ்டெல்லா வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள். இப்படி ஒரு அப்பாவை அவள் பார்த்ததே இல்லை.

"அப்போ ஆளு ஏறினா மாமா?" என்றேன் நான்.

அவர் ரிமோட்டை எடுத்து டீவி சத்தத்தைக் குறைத்தார்.

"ஆளுன்னா வேற மணி. நான் மேல ரூம்ல குந்திக்கினு கீறேன். கீழ கேஜுல, அந்த இரும்புக் கூண்டுல, எவன் ஏறுறான், எத்தினி பேரு, ஒண்ணும் என் கண்ணுக்குத் தெரியாது. கீழேர்ந்து அடிக்கிற மணிதான் சொல்லும். ஆளு மணி காதுல வுழுந்துச்சுன்னா இந்தக் கை தானா மாறிடும். உள்ள ஒருத்தன் டம்ளர் நெறைய காபி வெச்சிக்கினு நின்னாலும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

"இத்தினி நாள் கல்லு கதைய நீ சொன்னதே இல்லியேப்பா," என்றாள் ஸ்டெல்லா.

"அத்த யாரு கேட்டா? உங்கம்மா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். 'இன்னிக்கு எல்லாரும் மேல வந்துட்டாங்களா?' அவ்ளோதான். அதுக்கு மேல வூட்ல இன்னா பேச்சு?"

சொல்லிவிட்டு டீவி சத்தத்தைப் பழையபடி வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா வந்து உட்கார்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. தொட்டி இப்போது தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கிளம்புகிற உதறலில் ஓரத்திலிருந்து இரண்டு கல் உருண்டு விழுந்தது. ஒன்று அப்படி, ஒன்று இப்படி. பின்னணியில் கட்டைவிரல் அளவுதான் தெரியும், ஆனால் நிலவுக்கே உயிர் வந்துவிட்டது. சார் பார்த்துவிட்டு, "ஆய்த்து, இப்போ சரி" என்றார். முத்திரை லேசாகத்தான் அழிந்திருந்தது.

இனிமேல்தான் நெருக்கடி. கடைசிப் பகுதிக்கான கதை வந்தது. நிலவு வெடிக்கப் போகிறது, சுரங்கத்து ஜனங்களை வெளியே கொண்டுவர வேண்டும். யார் கொண்டுவருவது? தலைமைக் கப்பலுக்கு முந்தின பகுதியிலேயே என்ஜின் போய்விட்டது, அது அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. கதை எழுதினவர்கள் அந்த இடத்தில் 'ஏதாவது ஒரு கப்பல்' என்று போட்டிருந்தார்கள். ஏதாவது ஒரு கப்பல்! ஜனங்கள் உயிர் பிழைக்கப் போகிற கப்பலுக்குப் பெயர்கூட வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். அந்த நிலவுக்குத் தினமும் போய்வருகிற வண்டி ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டு வேறு எது வரும் என்று கேட்டேன். சாருக்கு வேறு வழியும் இல்லை. தொட்டிக்கு அந்த வேடம் கிடைத்தது, அதை ஓட்டுகிற ஸ்டெல்லாவுக்கு உச்சக்கட்டக் காட்சி கிடைத்தது.

அவள் என்ன செய்திருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். ஜனங்கள் உள்ளே ஏறிவிட்டார்கள், கதவு மூடிவிட்டது. தொட்டி மெதுவாகக் கிளம்புகிறது. சுற்றிலும் பாறை சரிகிறது, புழுதி கிளம்புகிறது, அது மட்டும் ஒரு சொட்டுக் காபி சிந்தாமல் எழும்புகிறது. முதல் தடவை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.

வெளிநாட்டுக் கம்பெனிக்காக மேற்பார்வை பார்த்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. அவர் தொடரின் பாதியில் வந்து சேர்ந்தவர். முந்தின பகுதிகளையெல்லாம் ஓட்டி ஓட்டித்தான் பார்த்திருந்தார். இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, உச்சக்கட்டத்தில் எதற்கு இந்த ஆமை வேகம், பாதியாகக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அவகாசம் இரண்டே நாள்.

சார் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். "குறைச்சிடும்மா."

"குறைக்க முடியாது சார். உள்ள ஆளு இருக்காங்க."

"அது எனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆளையே காட்டல நாம."

"வண்டி கிளம்புற தினுசுலயே தெரியணும் சார்."

"அவங்களுக்குத் தெரியலையே! பழையபடி மந்தம்னுதான் தெரியுது. இந்த நேரத்துல உன் பேரு அவங்க வாயில அடிபடறது நல்லதில்ல. புரியுதா?"

புரிந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. தொடர் முடிகிறது, ஸ்டெல்லாவைப் பற்றி முடிவெடுக்கிற வாரமும் அதுதான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் ஆள் அசையவில்லை. அவளை வெளியே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு அப்போது முதலில் வந்தது கோபம். யார் மேல் என்று கேட்காதீர்கள், அவள் மேல்தான். "பைத்தியமாடி உனக்கு? கொறைச்சிக் குடுத்துட்டுப் போயேன். வேல போச்சின்னா இந்தத் தொட்டியா வந்து உன் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டும்?" என்றேன்.

"கட்டாதுக்கா. ஆனா என் கையால அத்த ஒதறித் தூக்க முடியல. உள்ள எங்க லைன் ஜனம் நின்னுக்கினு கீற மாதிரியே கீது."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். பிடிவாதம் பிடி என்று சொல்வதும் சுலபம், பணிந்துபோ என்று சொல்வதும் சுலபம். இரண்டையும் சொல்லுகிறவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அந்த அம்மா ஒன்றும் முட்டாள் இல்லையே, ஏன் அவருக்குப் புரியவில்லை என்று யோசித்தேன். எனக்கு ஏன் புரிந்தது? தொட்டி எப்படி உதறிக்கொண்டு கிளம்பும் என்று நான் தினமும் பார்த்திருக்கிறேன். அதனால் அது இன்றைக்கு மெதுவாகக் கிளம்பினால், உள்ளே ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் அளவுக்கு மூலையில் ஓடின வண்டியை யார் பார்ப்பார்கள்? ஒரு வண்டி அன்றாடம் செய்கிற வேலையைக் காட்டாமல், அது செய்கிற பெரிய காரியத்தை மட்டும் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தோன்றாது.

அப்படியானால் ஸ்டெல்லாவின் ஷாட்டில் குறைக்க வேண்டியது எதுவும் இல்லை. அதற்கு முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே கடைசிப் பகுதியில், ஆபத்து வருவதற்கு முன்னால், தொட்டி கல் ஏற்றிக்கொண்டு உதறிக் கிளம்புவதைத் திரை நிறைய ஒரு தடவை காட்ட வேண்டும். ஐந்தாறு வினாடி போதும். ஆனால் பகுதியின் மொத்த நீளம் முடிவாகிவிட்டது, ஒரு வினாடி கூட்ட முடியாது. எங்கேயாவது வெட்டித்தான் எடுக்க வேண்டும். எங்கே எடுக்கலாம் என்று தேடியபோது ஒரே ஒரு இடம்தான் இருந்தது. என்ஜின் போன தலைமைக் கப்பல் அந்தரத்தில் மெல்லத் திரும்ப, அதன் முதுகில் வெளிச்சம் சிதறிச் சூரியன் உடைகிற ஷாட். அதை சார் தன் கையால் செய்திருந்தார். வருகிற போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

போய்க் கேட்டேன். "சார், தலைமைக் கப்பல் திரும்புற ஷாட்ல கொஞ்சம் குடுங்க."

"எந்த ஷாட்?"

"உங்க ஷாட்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கல் வண்டிக்காக நான் என் கப்பலை வெட்டணுமா?"

"ஆமா சார். உங்க கப்பல் எவ்ளோ அழகா மெதந்தாலும் அதனால இப்ப ஒருத்தரையும் காப்பாத்த முடியாது. காப்பாத்தப் போற வண்டிய ஜனங்களுக்கு அடையாளம் தெரியணும்."

நன்றாகக் கத்தினார். முழுக் கன்னடம். பாதி எனக்குப் புரிந்தது, மீதியைப் புரியாத மாதிரி நின்றேன். கத்தி முடித்ததும் தன் ஷாட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டினார். அவர் நல்ல தொழில்காரர் என்று முதலிலேயே சொன்னேனே. தன் கையால் சூரியன் உடைவதற்குக் கொஞ்சம் முன்பே வெட்டினார். அந்த மனுஷருக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

"இது எடுபடலேன்னா, ரெண்டு பேரும் ஒரே ரயில்ல ஊருக்குப் போயிடுங்க, திரும்பி வராதீங்க," என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

போட்டுக் காட்டுகிற நாள் வந்தது. அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தார். இசையும் சத்தமும் இன்னும் சேர்க்கவில்லை, ஊமைப் படம்தான். ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடி என்றால் சாதாரணப் பிடி இல்லை, நகம் பதிந்துவிட்டது. தொட்டி திரை நிறைய வந்தது. கல் ஏற்றிக்கொண்டு உதறிக் கிளம்பியது. உருண்டு விழுந்த கல்லைப் பார்த்து அந்த அம்மா லேசாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கதை ஓடியது, நிலவு பிளந்தது, தொட்டி மறுபடியும் வந்தது. கதவு மூடியது.

மெதுவாக எழும்பியது. ஸ்டெல்லா ஒரு நொடியும் குறைக்கவில்லை.

படம் முடிந்ததும் அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்: "அதற்குள்ளே குழந்தைகள் இருக்கிறார்களா?"

ஒரு குழந்தையைக்கூட நாங்கள் வரையவில்லை. ஒரு கையோ முகமோ ஜன்னலில் தெரியாது. தொட்டிக்கு ஜன்னலே கிடையாது.

"இருக்கிறார்கள், நிறைய," என்றார் சார், ஆதி முதல் அப்படித்தான் திட்டம் போட்டிருந்த மாதிரி. நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

"அப்படியானால் இதில் கை வைக்காதீர்கள்," என்றார் அந்த அம்மா.

ஸ்டெல்லா வேலையில் நிரந்தரமானாள். அதே கதையின் அடுத்த தொடருக்கு அவளை அதிகக் குளிர் ஏசி அறையில் உட்காரச் சொல்லி அதே தலைமைக் கப்பலைக் கொடுத்தார்கள். அவள் என்னிடம் வந்து, "வேணாம்க்கா, எனக்குத் தொட்டியே போதும்" என்றாள். நான் விடுவேனா? "அடிப் போடி! வாய மூடிக்கினு போய்க் குந்து. சம்பளம் கூட வருது, வேணாமாம்!" என்று விரட்டிவிட்டேன். சாதாரண வண்டிகளுக்காக இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தினவள்தான் நான். அதற்காகப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வருகிற நல்லதைத் தட்டிவிட முடியுமா?

போய் உட்கார்ந்தாள். தலைமைக் கப்பலின் மாடலைத் திரையில் திறந்து, இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், கவிழ்த்துப் பார்த்தாள். அரைநாள் ஆகியும் ஒன்றையும் ஓட்டவில்லை. சார் வந்து பின்னால் நின்றார். பழையபடி ஆரம்பித்துவிட்டாளா என்று நானும் எழுந்து போனேன்.

"ஏனம்மா, இன்னும் கிளப்பலையா?"

"இதுல எத்தனை பேரு சார் இருக்காங்க?"

அவர் யோசித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். பீரங்கி எத்தனை என்று கேட்டிருந்தால் ஆளுக்கு ஆள் சொல்லியிருப்பார்கள். பகுதி பகுதியாக அந்தக் கப்பலுக்குள் கேப்டன் நடந்திருக்கிறார், பேசியிருக்கிறார், சிப்பாய்கள் ஓடியிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அத்த விடுங்க," என்றாள் ஸ்டெல்லா. "எந்தப் பக்கமா ஏறுவாங்க, அத்தையாவது சொல்லுங்க. நானும் காலைலேர்ந்து தேடிக்கினு கீறேன்."

சார் குனிந்து, அவள் கையிலிருந்த மௌஸை வாங்கி, தானே கப்பலை மெல்லத் திருப்பித் திருப்பித் தேடினார். சின்னம் இருந்தது, விளக்கு இருந்தது, பொன் நிறக் கோடுகூட இருந்தது. அத்தனை வருடமாக அத்தனை பேர் சேர்ந்து வரைந்த அந்தக் கப்பலில் ஆள் ஏற ஒரு கதவு இல்லை.

மௌஸை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் இடத்துக்குப் போய்க் கதவு வரைய ஆரம்பித்தேன்.